மலாயாவுக்குக் கப்பலேறி வந்த பாட்டனைத் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்கில் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி ஒரு கதை இருக்கிறது. 'எங்கள் பாட்டன் கப்பலேறி வந்தார்' என்று தொடங்கும். 'அதுக்கு மேலே ஒண்ணும் தெரியாது' என்று முடியும். என் கொள்ளுத்தாத்தாவின் கதையும் இந்த இரண்டே வரிதான். ஏழெட்டு வருஷம் அலைந்து, அவருடைய வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஒட்டவைத்துவிட்டேன். அது வெளியே தெரிந்த நாளிலிருந்து கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் யாராவது ஓரமாக அழைத்துப் போய்க் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கே தொடங்குவது? நேராகக் கோலாலம்பூர் போய் ஆவணக் காப்பகத்தில் கேட்கலாமா?

வேண்டாம். பெயரும் ஊரும் தெரியாமல் அங்கே போனால் பகல் சாப்பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுவீர்கள். முதலில் வீட்டைத் துழாவுங்கள். உங்கள் அப்பாவின் சூராட்டு (சான்றிதழ்), அவருடைய அப்பாவின் ஐசி (அடையாள அட்டை), அவருக்கும் அப்பா பெயர் போட்ட இறப்புச் சூராட்டு என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வேறு யாருடைய பாட்டன் வீட்டிலோ போய் நிற்போம். எனக்கு அது நடந்தது, பின்னால் சொல்கிறேன்.

காகிதம் என்றால் அரசாங்க முத்திரை போட்டது மட்டும் அல்ல. மணியார்டர் ரசீது, தபால் உறை, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நன்கொடைச் சீட்டு, பழைய ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கடிதம் எல்லாம் காகிதம்தான். ஈபிஎஃப் 1951இல் வந்தது. அந்தக் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும், அது ஒன்றே பெரிய விஷயம். படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்று தெரியும்.

அப்புறம், பாத்திரங்கள். இதை யாரும் நினைப்பதே இல்லை. எங்கள் பெரியத்தை வீட்டில் ஒரு பித்தளைத் தவலை உண்டு. பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும். என் பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்தது. அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ வெட்டியிருந்தது; அறுபது எழுபது பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்து மழுங்கிப் போயிருந்தது. அரிசி மாவைத் தடவி, துணியால் மேலாகத் துடைத்தேன். மாவு புள்ளிக்குள் தங்கி எழுத்து வெள்ளையாக எழும்பி வந்தது. முதல் வரியில் இரண்டு தலைப்பெழுத்தும் ஒரு பெயரும். இரண்டாவது வரியில் மன்னார்குடிப் பக்கத்து ஒரு சிற்றூரின் பெயர், நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்படாதது. மூன்றாவது வரியில் 'ஈசுவர௵ தை௴' என்று இருந்தது; ௵ வருஷக் குறி, ௴ மாதக் குறி. பெரியத்தை அந்தத் தவலையில் ஐம்பது வருஷமாகப் பொங்கல் வைத்தவர். 'இதிலே எழுத்து இருக்கா?' என்று என்னிடம் கேட்டார்.

அந்தத் தமிழ் வருஷத்தை எப்படி ஆங்கில வருஷமாக மாற்றுவது?

அறுபது வருஷச் சக்கரத்தில் வருஷத்தின் பெயர் சித்திரைக்குச் சித்திரை மாறும். சக்கரத்தின் முதல் வருஷமான பிரபவ கடைசியாக வந்தது 1987 ஏப்ரலில். அதற்கு முன் 1927, அதற்கும் முன் 1867. ஈசுவர பதினோராவது வருஷம். ஆக 1877-78, 1937-38, 1997-98 ஆகிய மூன்றில் ஒன்று. பாட்டியின் கல்யாணம் என்பதால் நடுவில் உள்ளதுதான் சரி. தை மாதம் என்றால் 1938 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை. வருஷத்தைப் பார்த்ததும் 1937 என்று எழுதிவிடாதீர்கள். தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருஷத்தில் விழும். பழைய கடிதங்களில் தமிழ் எண்கள் வரும். ௧, ௨, ௩ தொடங்கி ௰ வரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

காகிதமே இல்லை. வயதான ஒரு பாட்டிதான் இருக்கிறார். அவரிடம் எப்படிக் கேட்பது?

'எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லச் சங்கடப்படுவார், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 'ஜப்பான்காரன் வந்தப்போ யார் கைக்குழந்தை?' என்று கேளுங்கள். ஜப்பானியர் பினாங்கில் இறங்கியது 1941 டிசம்பரில். 'வாழைமர நோட்டு செல்லாமப் போனப்போ நீங்க எந்தத் தோட்டத்திலே?' அது 1945, ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு செல்லாமல் போன வருஷம். 'முதமுதலா ஐசிக்குப் படம் பிடிச்சப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?' அது 1948, கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் தொடங்கிய வருஷம். இப்படி மூன்று நான்கு முளை அடித்தால் நடுவில் கயிறு கட்டிவிடலாம்.

லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று அவசியம் கேளுங்கள். ஒரே கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்குபவர்) அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர், சுற்றுப்பட்டி ஊர். உங்கள் வீட்டில் ஊர்ப்பெயர் மறந்துபோயிருக்கும்; பக்கத்து வீட்டுக்காரரின் பேரன் நினைவில் வைத்திருப்பான். குலதெய்வம் எது என்றும் கேளுங்கள். முனியாண்டி, மாரியம்மன் என்று பொதுப்பெயர் சொன்னால் விடாமல், 'எந்த ஊர் முனியாண்டி?' என்று கேட்க வேண்டும்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் கீரை ஆய்ந்துகொண்டோ வெற்றிலை மடித்துக்கொண்டோ இருக்கும்போது பேச்சுக் கொடுங்கள். மேசை போட்டு எதிரே உட்கார்ந்தால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா 1912இல் ரஜுலா கப்பலில் வந்தாராம். கப்பலில் பதிவு இருக்குமா?

1912இல் ரஜுலாவே இல்லை. அது 1926இல் கட்டிய கப்பல். 1973 வரை சென்னைக்கும் மலாயாவுக்கும் ஓடியது. நம் ஆட்களுக்குக் கப்பல் என்றாலே ரஜுலாதான் என்பதால் எல்லாரையும் அதில் ஏற்றிவிட்டார்கள். சிதம்பரம் கப்பல் என்று சொன்னால் அது இன்னும் பிந்தியது, 1970களில் வந்து 1985இல் தீப்பிடித்ததோடு நின்றுபோனது. பாட்டன் வந்ததும் பேரன் ஊர் பார்க்கப் போனதும் பேச்சில் கலந்துவிடும்.

சரி, கப்பல் எதுவானாலும், பயணிகளின் பெயர்ப் பட்டியல் கிடைக்குமா?

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நடாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள மச்சம், தழும்பு வரை எழுதிய கப்பல் பேரேடுகள் இன்றைக்கும் இருக்கின்றன. மொரிசியசிலும் பிஜியிலும் அப்படியே. அங்கேயுள்ள தமிழர் ஒருவர் அரைநாளில் தன் பாட்டனின் கிராமத்தைக் கண்டுபிடித்துவிடுவார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மலாயாவுக்கு ஆள் வந்த முறையே வேறு. ஒப்பந்தக் கூலி முறை தொடக்கத்தில் இருந்தது, மாகாண வெல்லஸ்லியின் (இன்றைய செபராங் பிறை) கரும்புத் தோட்டங்களுக்கு அப்படித்தான் வந்தார்கள். 1910இல் அதை நிறுத்தினார்கள். ரப்பர் பெருகிய காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்கள். தோட்டத்துரை உரிமம் வாங்கிக் கொடுத்து, கங்காணி தன் சொந்த ஊருக்கே போய் ஆள் பிடித்து வருவார். 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு. ஒப்பந்தம், கைநாட்டு ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் இல்லாததால் ஆளுக்கொரு பத்திரமும் இல்லை.

ஆனால் வந்த வழியைச் சொல்லிவிட முடியும். ஊரில் கிராம முன்சீப் 'இன்னார் நம்ம ஊர் ஆள்' என்று ஒப்புக் கொடுக்க வேண்டும். அங்கிருந்து நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ உள்ள முகாம். மருத்துவச் சோதனை, அம்மை குத்துவது, அப்புறம் கப்பலின் மேல்தளத்தில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவான பயணம். பினாங்கில் இறங்கியவர்களை நேராகக் கரைக்கு விடமாட்டார்கள். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைத்திருந்துதான் அனுப்புவார்கள். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பச்சையாகத் தெரிகிறதே, அந்தத் தீவுதான். சிலாங்கூர்ப் பக்கம் போனவர்கள் 1901இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். இன்றைய கிள்ளான் துறைமுகம்.

1938 நடுவில் இந்திய அரசாங்கம் உதவிப்பணத்தில் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர் என்றால் சொந்தச் செலவில் வந்தவர், அல்லது ஏற்கெனவே இங்கிருந்து போய்த் திரும்பியவர். இன்னொன்றும் உண்டு. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் அவர்களில் பலர் மறுபடி வந்தார்கள். குடும்பத்தில் ஒருவர் '1925இல் வந்தார்' என்றும், இன்னொருவர் '1934இல் வந்தார்' என்றும் சண்டை போட்டால் இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

எங்கள் பாட்டன் கங்காணியாக இருந்தார் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

யாரைக் கேட்டாலும் பாட்டன் கங்காணிதான். அப்படியானால் ரப்பர் மரத்தில் பால் வெட்டியது யார் என்று தெரியவில்லை! கங்காணி என்றால் அவருக்குக் கீழே ஆட்கள் இருந்திருக்க வேண்டும், அவர்கள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்காசு வாங்கியிருக்க வேண்டும், ஊரில் நிலம் வாங்கியிருப்பார், தோட்டத்துக் கோயிலில் அவர் பெயர் எங்கேயாவது வெட்டியிருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லை என்றால், பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) விடிகாலையில் போய் நின்ற நூறு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். என் கொள்ளுத்தாத்தாவும் வீட்டுக் கதையில் கங்காணி. கிடைத்த ஒரே சம்பளச் சீட்டில் பால்வெட்டுக்காரர், நாளுக்கு ஐம்பது காசு.

பெயரை எப்படித் தேடினாலும் கிடைக்கவில்லையே?

நீங்கள் சரியாக எழுதித் தேடுவதால்தான் கிடைக்கவில்லை. எழுதியவர் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அவர் யாழ்ப்பாணத்துக்காரராகவோ மலையாளியாகவோ இருப்பார். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டார். லட்சுமணன் இந்த நாட்டில் லெட்சுமணன் ஆனது அப்படித்தான். முனுசாமி, மூனூசாமி, முனியசாமி, முன்சாமி நால்வரும் ஒரே ஆள்தான். ழகரம் எல்லாம் லகரமாகியிருக்கும், அழகன் அலகனாகி ஆலகனாகியிருப்பார். உயிரெழுத்துகளை மறந்துவிட்டு, நடுவில் உள்ள மெய்களை மட்டும் வைத்துத் தேடுங்கள்.

தகப்பன் பெயரில் இன்னொரு சிக்கல். 'அப்பன் பேர் என்ன?' என்றால் ஒரு மகன் உண்மைப் பெயரைச் சொல்லியிருப்பான், இன்னொருவன் ஊரில் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்லியிருப்பான். உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கு இரண்டு தகப்பன் பெயர். எங்கள் வீட்டில் ஒரு சின்னத்தாத்தா சாகும் வரை 'கட்டையன்' என்பவரின் மகனாகத்தான் ஐசியில் இருந்தார். வயதையும் நம்பாதீர்கள். 1948இல் ஐசி எழுதியவர் முகத்தைப் பார்த்துப் போட்ட வயது அது.

பினாங்குக் குடும்பத்துக்கும் கோலாலம்பூர்க் குடும்பத்துக்கும் தேடும் இடம் வேறா?

வேறுதான். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1826 முதல் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. 1867இல் முடியாட்சிக் குடியேற்ற நாடாகின. தலைமையகம் சிங்கப்பூர். சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896 முதல் கூட்டு மலாய் மாநிலங்கள், தலைமையகம் கோலாலம்பூர். இரண்டுக்கும் கெஜட் (அரசிதழ்) தனி, இலாகா தனி, பதிவு தனி. பினாங்கில் பிறந்தவர் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை. பினாங்கைச் சேர்ந்த நிபோங் தெபாலிலிருந்து ஆற்றைத் தாண்டிப் பேராக் தோட்டத்தில் பிறந்தவருக்குச் சட்டம் வேறு. குடியுரிமைக் காகிதங்களில் இந்த வித்தியாசம் வந்து நிற்கும். லுமுட், பங்கோர் பக்கம் பிறந்தவர் என்றால் இன்னும் கவனம்: 1935 வரை அது பேராக்கோடு இல்லை, நீரிணைக் குடியேற்றங்களோடு இருந்தது.

பிறப்பு, இறப்பு, ஐசி விவரங்களுக்குத் தேசியப் பதிவு இலாகா. நெருங்கிய உறவு என்று காட்டப் படிப்படியாகச் சூராட்டுகளைக் கொண்டு போங்கள். அதற்காகத்தான் முதல் கேள்வியிலேயே சொன்னேன்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் என்ன கிடைக்கும்?

மலாயில் ஆர்கிப் நெகாரா. 1957இல் தொடங்கியது, கோலாலம்பூரில் பழைய ஜாலான் டூத்தாவில் இருக்கிறது. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் 1875இலிருந்து இருக்கின்றன. தொழிலாளர் இலாகாக் கோப்புகள், நிலக் கோப்புகள், கெஜட்டுகள் எல்லாம் உண்டு. உங்கள் பாட்டன் ரயில்வே, பொதுப்பணி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று அரசாங்க வேலையில் இருந்திருந்தால் நியமனம், லீவு, ஓய்வூதியம் என்று பெயர் எங்கேயாவது தென்படும். தோட்டத்து ஆள் என்றால் அவர் பெயர் வராது. தோட்டம் வரும்: எத்தனை பேர் வேலை செய்தார்கள், எந்த வருஷம் மலேரியா அடித்தது, எப்போது வேலைநிறுத்தம், தண்ணீர்க் குழாய் எப்போது வந்தது. அது அவர் கதை இல்லையா? என்னைக் கேட்டால், ஆள் கிடைக்காதபோது அவர் இருந்த இடத்தைப் படிப்பதுதான் அடுத்த நல்ல காரியம்.

தோட்டத்துக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை மறக்காதீர்கள். துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வழங்கிய பெயர் ஒன்று. பினாங்கிலேயே ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் என்பது நமக்குத் தண்ணீர்மலை. பாட்டி சொல்லும் பெயரை வைத்துக் கோப்பில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. அந்தக் காலத்து வணிகத் தகவல் கையேடுகளில் தோட்டங்கள், துரைமார் பெயர் எல்லாம் இருக்கும். கூலியாட்கள் பெயர்தான் இருக்காது.

தோட்டமே இப்போது இல்லை. வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைத் தடுக்கத்தான். ஆளுக்குப் பத்து வெள்ளி (மலாயா டாலர்) என்று சந்தா கட்டியவர்கள் நம் வீட்டுக் கிழவர்கள். அந்தப் பங்குப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதுவும் ஓர் ஆவணம். தோட்டம் போனாலும் கோயில் பல இடங்களில் நிற்கிறது. குத்துவிளக்கு, மணி, சுவரில் பதித்த சலவைக்கல் ஆகியவற்றில் 'உபயம்' என்று போட்டிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தமிழ்ப்பள்ளி. சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும். தலைமையாசிரியரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

பழைய செய்தித்தாள்களில் தேடலாமா?

தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1845இலிருந்து ஸ்ட்ரெயிட்ஸ் டைம்ஸ் இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. ஆங்கில இதழில் நம் ஆட்கள் வருவது பெரும்பாலும் விபத்து, கோர்ட்டு, வேலைநிறுத்தம், இந்த மூன்றில்தான்.

எனக்கு நடந்தது இங்கேதான். கொள்ளுத்தாத்தாவின் பெயரே உள்ள ஒருவர், அதே வட்டாரத்தில், கள்ளுக்கடைப் பணத்தைக் கையாடியதாக ஒரு செய்தி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தீபாவளிக்குக் கூடிய இடத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். பெரிய சித்தப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார், இரண்டு மாதம் பேசவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டால், செய்தியில் உள்ளவருக்கு வயது ஐம்பத்திரண்டு. என் ஆளுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பெயர், தகப்பன் பெயர், இடம், வயது ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால்தான் இப்போது வாயைத் திறக்கிறேன்.

ஜப்பான் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டு போனவர்கள் திரும்பவில்லை. ஏதாவது கிடைக்குமா?

1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு, வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இருப்பது போலப் பெயர் வெட்டிய கல்லறை இல்லை. பெரும்பாலும் வீட்டார் வாய்மொழிதான் சாட்சி. யாரோடு போனார், எந்தத் தோட்டத்திலிருந்து லாரி ஏறினார், யார் திரும்பி வந்து சேதி சொன்னார் என்பதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் காகிதம் கிடைத்தால், 2602, 2603 என்று வருஷம் இருப்பதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ஜப்பானியக் கணக்கு அது. 660ஐக் கழித்தால் 1942, 1943. நேத்தாஜி படையில் இருந்தவர் என்றால் டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பக்கத்திலும் ஒரு பார்வை பாருங்கள்.

பாட்டனைப் பற்றியே பேசுகிறோமே, பாட்டியைத் தேடுவது எப்படி?

நல்ல கேள்வி, ஆனால் பத்தில் ஒருவர்தான் கேட்கிறார். பாட்டியின் பெயர் காகிதத்தில் 'இன்னாரின் மனைவி' என்றே வரும். பல வீடுகளில் கொள்ளுப்பாட்டியின் பெயரே தெரியாது. 'ஆயா' என்றால் ஆயாதான்.

மூன்று இடம் சொல்கிறேன். ஒன்று, பிள்ளைகளின் பிறப்புச் சூராட்டு. தாயின் பெயர் அதில் இருக்கும். மூத்தவன் சூராட்டில் ஒரு பெயரும் இளையவன் சூராட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் பதறாதீர்கள். கிராணியின் எழுத்தாக இருக்கலாம், உண்மையிலேயே இரண்டு தாயாகவும் இருக்கலாம். இரண்டு, தோட்டத்துச் செக்ரோல், அதாவது வேலைநாள் பதிவேடு. பெண்களும் பால் வெட்டினார்கள், களை எடுத்தார்கள். அவர்கள் பெயர் தனி வரியில் வரும், கூலி மட்டும் குறைவு. ஆணுக்கு ஐம்பது காசு இருந்தபோது பெண்ணுக்கு நாற்பது. செக்ரோல் தப்பிப் பிழைத்த தோட்டம் குறைவு, ஆனாலும் கேட்டுப் பார்க்கலாம். மூன்று, 1948 ஐசி. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் எடுத்தாக வேண்டும் என்பதால், பல கிழவிகளின் வாழ்க்கையில் எடுத்த முதல் படம் அதுதான். என் கொள்ளுப்பாட்டிக்கு இருப்பது அந்த ஒரே படம். மூக்குத்தி, கண்டாங்கிச் சேலை, புகைப்படக்காரனை முறைத்துப் பார்க்கும் பார்வை. கட்டைவிரல் ரேகை பக்கத்தில் மை அப்பியிருக்கிறது.

நாங்கள் தோட்டத்துக் குடும்பம் இல்லை.

அப்படியானால் உங்கள் பாடு கொஞ்சம் சுலபம். செட்டியார் குடும்பம் என்றால் பினாங்கு வீதிக் கிட்டங்கிகளின் (செட்டியார்களின் வட்டிக்கடைகள்) பேரேடும் ஐந்தொகையும் இருக்கும். ஏஜெண்டுகள் தவணை முறையில் வந்து போனவர்கள், ஆக ஒவ்வொரு வரவுக்கும் கணக்கு உண்டு. தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பினாங்கில் 1800க்கு முன்பிருந்தே இருக்கின்றன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள வக்பு சொத்து ஆவணங்களைப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. கத்தோலிக்கப் பதிவு லத்தீனில் இருக்கலாம், பெயரும் தேதியும் எப்படியும் புரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக வந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தவர் என்றால் கெஜட்டிலும் சங்க மலர்களிலும் பெயர் வரும்.

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய காகிதத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் இன்றைய தஞ்சாவூரில் மட்டும் தேடாதீர்கள். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் பிரிந்தவை. 'சேலம் ஜில்லா' என்றால் நாமக்கல், தருமபுரியும் அடக்கம். 'திருச்சி ஜில்லா' என்றால் கரூர், பெரம்பலூர், அரியலூர். தாலுகா பெயர் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது அவ்வளவாக மாறாது. ஒரே பெயரில் ஏழெட்டு ஊர் இருக்கும்.

சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடியேற்றம் பற்றிய அரசாணைகள் எல்லாம் அங்கேதான். ஆனால் ஒரு கூலியாளைத் தேட அங்கே போவதைவிடக் குலதெய்வக் கோயிலுக்குப் போவது மேல். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். யார் யார் பங்காளி, எந்தக் கிளை எங்கே போனது என்பதெல்லாம் வரி எழுதுகிறவருக்கு அத்துப்படி. 'ரெங்கூன் போன வகையறா', 'பினாங்கு போன வகையறா' என்று பெயரே வைத்திருப்பார்கள்.

போகும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்தச் சிற்றூருக்குப் போனபோது திண்ணையில் உட்காரவைத்து, லோட்டாவில் காப்பி கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து ஒரு கிழவி கேட்ட முதல் கேள்வி: 'நெலம் கேட்டா வந்திருக்கீங்க?' சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். உள்ளே இரண்டு ஆண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இல்லை ஆத்தா, பேர் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன் என்று சொல்லி, தவலையின் படத்தைக் காட்டிய பிறகுதான் வாசற்படி தாண்டிக் கூப்பிட்டார்கள். சொத்துப் பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். பட்டா, சிட்டா பார்க்கிறேன் என்று முதல் நாளே கிராம நிர்வாக அலுவலரிடம் போகாதீர்கள். அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தேடப்போய், ஊரிலே இன்னொரு குடும்பம் இருந்தது தெரிந்தது. சாதியும் நாங்கள் நினைத்தது இல்லை. என்ன செய்வது?

இரண்டுமே சகஜம். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று இருந்தவர்கள் நிறையப் பேர். கப்பல் காசு இல்லாமல் போக முடியாதவர்கள் உண்டு, போக விரும்பாதவர்களும் உண்டு. சாதி விஷயத்தில், கடலைத் தாண்டியதும் பெயருக்குப் பின்னால் ஒன்றை ஒட்டிக்கொண்டவர்களும், ஒட்டியிருந்ததை உதறியவர்களும் இருக்கிறார்கள். காகிதத்தில் உள்ளதை உள்ளபடி உங்கள் நோட்டில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதை ஊருக்குச் சொல்லாதீர்கள். என் சித்தப்பா கதைதான் உங்களுக்குத் தெரியுமே.

டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா?

தென்னிந்தியர் என்று சொல்லும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

கிடைத்த பழைய காகிதங்களை எப்படிப் பாதுகாப்பது?

லேமினேட் செய்யாதீர்கள். நான் செய்தேன். கொள்ளுத்தாத்தாவின் சம்பளச் சீட்டை 'நல்லா இருக்கும்' என்று ஒரு கடையில் கொடுத்து எடுத்தேன். சூட்டில் மை பழுப்பாகி, பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்த கணக்கு மறைந்தே போயிற்று. அதை இனிப் பிரிக்கவும் முடியாது. செலோடேப்பும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு ஒரு வருஷத்தில் மஞ்சளாகிப் பசை ஊறிவிடும். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து மூன்று உறவினர்களுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை நல்ல காகித உறையில் போட்டு, பிஸ்கட் டின்னில் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு போடுங்கள். அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும், வெள்ளம் வந்தால் கீழ்த்தட்டு முதலில் போகும்.

குடும்பப் படங்களின் பின்னால் யார் யார் என்று எழுதிவிடுங்கள். மெல்லிய பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல். பேனா மை முன்பக்கம் ஊறி வந்து முகத்தில் நிற்கும்.